மூன்று விசில் வரும்வரை

(ஈரோட்டுப் பக்கத்துக் கிராம நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பேசுகிற மேசையில் குக்கர் எதற்கு என்று முன்வரிசையில் கிசுகிசுப்பது கேட்கிறது. சத்தாக இருக்க வேண்டும், சுலபமாக இருக்க வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது. அப்படிப்பட்ட சமையல் குறிப்புகளை எங்கே தேடுவது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் பேச்சு முடிவதற்குள் ஒரு சாப்பாடு ஆகிறதா என்று பார்த்துவிடலாம். அரிசியும் பருப்பும் அரைமணி நேரமாக ஊறிக்கொண்டிருக்கின்றன. இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க இடம் கொடுத்த நூலகர் அம்மாவுக்கு நன்றி.

நான் சமையல்காரன் இல்லை. கணக்கெழுதிப் பிழைத்தவன். எண்பதுகளில் திருப்பூரில் வேலை பார்த்தபோது ஐந்து பேருக்கு ஓர் அறை, ஒரு பம்ப் ஸ்டவ். அங்கே கற்றுக்கொண்டதைக் கல்யாணத்துக்குப் பிறகு சௌகரியமாக மறந்துவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன் வீட்டம்மாவுக்குக் கை முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கரண்டி மறுபடி என் கைக்கு வந்தது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த முதல் மாதம் செல்போனில்தான் குறிப்புத் தேடினேன். 'ஆரோக்கியமான சமையல்' என்று போட்டதும் கினோவா என்கிற வெளிநாட்டுத் தானியம் வந்து நின்றது. சரி, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அரைக்கிலோ வாங்கினேன். கூடவே பீட்சாவில் தூவுகிற ஆரிகானோ இலை ஒரு சீசா, ஒரு புட்டி ஆலிவ் எண்ணெய். அந்த ஒரு பில்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு மாதத்துப் பருப்பு வந்திருக்கும். கினோவாவை இரண்டு தடவை செய்தோம், மீதியில் வண்டு விழுந்தது. ஆரிகானோ சீசா மட்டும் இருக்கிறது. அதில் இப்போது ஓமம் போட்டு வைத்திருக்கிறோம். வாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சீசாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு குறிப்பு மலிவா இல்லையா என்பதை விலைப்பட்டியலில் பார்க்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தக் குறிப்புக்காக வாங்கியதில் மீதி என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கால் கிலோ கடுகு வாங்கினால் கடைசிக் கடுகு வரை தாளித்துவிடுவோம்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. 'இருபது நிமிடக் குருமா' என்று ஒன்று செய்தேன். வறுக்க வாணலி, ஊற வைக்கக் கிண்ணம், அரைக்க மிக்ஸி ஜார், காய் வேக ஒரு பாத்திரம், தாளிக்கக் கரண்டி என்று போய், கடைசியில் தொட்டி நிறைந்துவிட்டது. மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற வீட்டம்மா எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க, இத்தனையும் ஆரு கழுவறதுங்க?"

அன்றிலிருந்து எந்தக் குறிப்பைப் படித்தாலும் முதலில் பாத்திரத்தை எண்ணுகிறேன். மூன்றைத் தாண்டினால் அது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். நிமிடக் கணக்கை நான் நம்புவதே இல்லை. சின்ன வெங்காயம் உரிக்கிற நேரத்தை அவர்கள் சேர்ப்பதில்லை. தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தோல் சுலபமாக வரும் என்பதையாவது சொல்லலாம், அதுவும் இல்லை. வெங்காயம் இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதுகிறவர் வெங்காயம் வதக்கினவரே இல்லை.

இப்போது அடுப்பைப் போடுகிறேன். இது அரிசிம்பருப்பு. நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கிற ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் துவரம்பருப்பு. குக்கரிலேயே எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, தட்டிய பூண்டு எட்டுப் பல், தக்காளி இரண்டு. வதங்கியதும் மஞ்சள்தூள், கொஞ்சம் சாம்பார்பொடி, ஒரு பிடி தேங்காய்த்துருவல். பத்து டம்ளர் தண்ணீர், உப்பு. கொதி வந்ததும் ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு மூடிவிட வேண்டியதுதான். பாத்திரம் ஒன்று. ஊற வைத்த கிண்ணத்தை வேண்டுமானால் அரைப் பாத்திரமாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சத்து எங்கே என்று கேட்பீர்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்கிற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது. நம் பாட்டிமார்களுக்கு லைசின் தெரியாது. தனி அரிசிச் சோறு தின்றால் பதினொரு மணிக்கே பசிக்கும் என்பது தெரியும். செலவைப் பாருங்கள். ரேஷன் கடையில் அரிசிக்கு விலையில்லை, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். வெளிக்கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கினவர்களுக்குத்தான் இந்த 30 ரூபாயின் அருமை புரியும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அப்போது என் நண்பர் ஒருவர், "தக்காளி இல்லாமல் எதைச் செய்வது?" என்று ஒரு வாரம் பார்சல் வாங்கினார். அவரிடம் குறிப்புகள் இருந்தன. அந்தக் குறிப்பில் தக்காளி என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. பாதிச் சமையலில் தக்காளிக்கு வேலை புளிப்புக் கொடுப்பதுதான். அந்த வேலையைப் புளி செய்யும், மாங்காய் செய்யும், எலுமிச்சை செய்யும், புளித்த மோர் செய்யும். தக்காளியே நம் ஊர்ச் செடி இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அது வருவதற்கு முன்னாலும் இங்கே குழம்பு கொதித்தது. அதே மாதிரிதான் கெட்டிக்கு முந்திரி அரைக்கச் சொன்னால் பொட்டுக்கடலை அரையுங்கள். பொருளின் பெயரைப் பார்க்காமல் அது செய்கிற வேலையைப் பார்த்தால் ஒரு குறிப்பு பத்தாகிவிடும்.

இதோ, முதல் விசில்.

இப்படிப் பத்தாகிற குறிப்புக்கு நான் கண்ட நல்ல உதாரணம் கடைசல். பச்சைப்பயறு கடைசல், கீரை கடைசல், கத்தரிக்காய் கடைசல், தக்காளி கடைசல் எல்லாம் நமக்குத் தனித்தனிப் பதார்த்தம். யோசித்தால் எல்லாம் ஒன்றுதான். சட்டியில் அந்தப் பொருள், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு. வெந்ததும் மத்தால் கடைந்து தாளிப்பு. அது தெரிந்தவருக்குச் சந்தையில் எது மலிவோ அதுதான் இன்றைய சமையல். என்ன செய்வது என்று முதலில் முடிவு செய்துவிட்டு வாங்கப் போனால் விலை அதிகமான நாளில்தான் அந்தக் காயை வாங்குவோம்.

கொள்ளு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. இரவு ஊற வைத்து வேக வைத்தால், வடித்த தண்ணீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம், வெந்த கொள்ளில் கடைசல். ஒரே வேக்காட்டில் இரண்டு வேலை. நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். நாம் மாட்டுக்கும் குதிரைக்கும் போட்டுவிட்டுப் புரதப் பொடியை டப்பாவில் வாங்குகிறோம். கொஞ்சம் கோபம் வருகிறது, விடுங்கள்.

சரி, எங்கே தேடுவது என்ற தலைப்புக்கு வருகிறேன். உழவர் சந்தையில் தேடுங்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள். விளைவித்தவரே விற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. விளைவித்தவருக்கு அதைச் சமைக்கவும் தெரியும். போன மாதம் ஒரு பாட்டியிடம் பண்ணைக்கீரை வாங்கினேன். பேர் கேட்டிருக்கிறேன், செய்ததில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டேன். சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்: "பருப்போட வேக வெச்சு, நாலு பச்சமொளகா கிள்ளிப் போட்டு, ஒரு கடை கடைஞ்சிருங்க சாமி." நான் நின்றுகொண்டே இருந்தேன். "அவ்வளவுதான், போங்க" என்றார். இதைவிடச் சின்னக் குறிப்பு நான் எங்கும் பார்த்ததில்லை. பாத்திரம் ஒன்று, வாங்கிய கட்டில் மீதி எதுவும் இல்லை.

கீரை பற்றி ஒன்று மட்டும். இறக்கியபின் அரைமூடி எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர்மாறாக, அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். டீக்கடைக்காரர் என்னைத் திட்டாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது விசில். பின்னாலிருந்து ஐயா கையைத் தூக்குகிறார், கேளுங்கள்… சர்க்கரை இருக்கிறது, அரிசிம்பருப்பு சாப்பிடலாமா என்கிறார். உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும் ஐயா. சமையலில் நான் செய்யக் கூடியது, அரிசியை இரண்டு டம்ளராகக் குறைத்துப் பருப்பை இரண்டு டம்ளராகக் கூட்டலாம். தட்டில் பாதிக்குப் பொரியல் வைக்கலாம். சாமையில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், நார்ச்சத்து கூடும். ஆனால் சாமையிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், சிறுதானியம் என்பதற்காக மூன்று கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ள முடியாது. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபிறகு அழகான பொட்டலங்களில் நிறைய வந்துவிட்டது, விலையும் அழகாக இருக்கிறது. என்னைக் கேட்டால் ராகியை எடுங்கள். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே எடைப் பசும்பாலில் 120தான். மாவை இரவே கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் அந்தச் சத்தை உடம்பு எடுப்பதும் சுலபம். வெயில் காலத்தில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் அதற்குமேல் ஒரு காலை உணவு எனக்குத் தெரியாது.

மூன்றாவது விசிலும் வந்துவிட்டது. அடுப்பை அணைக்கிறேன். விசிலைத் தூக்கிவிடாதீர்கள் தம்பி, ஆவி தானாக இறங்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தச் சூட்டிலும் அது வேகிறது, மின்சாரம் மிச்சம். நெய் என் பையில் இருக்கிறது. தயிர் செயலாளர் வீட்டிலிருந்து வருகிறது. ஊறுகாய் வேண்டாம், உப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. ஆளுக்கு இரண்டு கரண்டி வரும். தட்டு பின்னால் அடுக்கியிருக்கிறது, எவர்சில்வர் தட்டுதான். சாப்பிட்டவர்கள் அவரவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போங்கள். குக்கரை நான் கழுவிக்கொள்கிறேன்.