நடுராத்திரியில் அடுப்பில் சூப் ஏன் இருந்தது?

"ராத்திரி ரெண்டரை மணிக்கு எந்த வீட்டு அடுப்பில் சூப் கொதிக்கும்?" போன காணொலிக்கு வந்த கேள்வி இது. படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம் இரண்டு நாளாக இதே நினைப்பு. 1602இல் ஜெனீவா நகரத்துக்குள் இரவில் புகுந்த, பக்கத்து நாடான சவோயின் சிப்பாய் தலையில் ருவாயோம் அம்மா என்ற ஊர்க்காரப் பெண் சூப் பானையைப் போட்டார் என்று சொன்னேனே, அதைத்தான் கேட்கிறார்.

சரி, நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால் சூப் பின்னால் சேர்ந்த மசாலா. மாடி ஜன்னலிலிருந்து இரும்புப் பானை காலியாக விழுந்தாலே மண்டை தாங்காது. அதுவும் 14 பிள்ளை பெற்றவர் என்கிறார்கள், அந்த வீட்டுப் பானை சின்னதாகவா இருக்கும்? எங்கள் பாட்டி வீட்டு அண்டா ஒருமுறை பரணிலிருந்து சரிந்து விழுந்தது, தரையில் விழுந்த பள்ளத்தை வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காட்டுவார்.

ஆனால் ஊரைக் காப்பாற்றியது பானை இல்லை. நான் எப்போதும் சொல்வதுதான், கோட்டை என்றால் மதிலைப் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள். 1602 டிசம்பர், பழைய நாட்காட்டிப்படி 11ஆம் தேதி இரவு. சவோயை ஆண்ட கோமகன் சார்ல்ஸ் இமானுவேலின் ஆட்கள் கறுப்புச் சாயம் பூசிய ஏணிகளைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தி, சத்தமில்லாமல் மதிலேறியே விட்டார்கள். மதில் தோற்றாயிற்றா? ஆனால் பெரும்படை வெளியே இருட்டில் நிற்கிறதே, அத்தனை பேரும் ஏணியிலா வர முடியும்? உள்ளே இறங்கியவர்கள் 'புது வாசல்' என்ற கோட்டைக் கதவை வெடி வைத்துத் திறந்தாக வேண்டும். அதற்குள் ரோந்துக்காரர்கள் பார்த்துவிட்டார்கள், ஒரு துப்பாக்கிச் சத்தம், தேவாலய மணி. ஐசக் மெர்சியே என்ற காவலாள் ஓடிப்போய், வாசலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்த கிராதிக் கதவின் கயிற்றை அறுத்துவிட்டார். தடால்! அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஏணிகளை நொறுக்க ஜெனீவாக்காரர்கள் பீரங்கி சுட்டார்கள். வெளியே இருந்த தளபதி அல்பினி, கதவுதான் வெடித்தது என்று நினைத்து முரசடித்துப் படையை நகர்த்தினார். வந்து பார்த்தால் கதவு மூடியே கிடக்கிறது. உள்ளே மாட்டியவர்களில் பிடிபட்ட 13 பேரை மறுநாளே தூக்கில் போட்டார்கள். ஊர்க்காரர்கள் 18 பேர் இறந்தார்கள்.

இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே சாக்லேட்டில் பானை செய்து, வீட்டில் மூத்தவரும் கடைக்குட்டியும் சேர்ந்து உடைக்கிறார்கள். மெர்சியேவுக்காக ஒரு சாக்லேட் கயிறாவது செய்திருக்கலாம்.