தேங்காயைத் தட்டித்தான் பார்ப்போம்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் விருப்பமா, வேலை வாய்ப்பா? வேலை வாய்ப்பே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "கல்லூரி என்ன தேங்காயா, தட்டிப் பார்த்து வாங்க?" நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, தேங்காயேதான்! நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் தேங்காயைத் தட்டுகிறார்கள், காதோரம் வைத்து ஆட்டுகிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள். அழுகல் என்றால் போவது ஒருவேளைச் சட்டினி. கல்லூரி அழுகல் என்றால் போவது பிள்ளையின் மூன்று வருடம். வேலை கிடைக்காவிட்டாலும் பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன் கடன்தான்!

எங்கள் தோட்டத்தில் ஓர் அக்கா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மகன் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் ஒரு கல்லூரி ஏஜெண்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். டை கட்டியிருக்கிறார், கையில் பளபளப்பான புத்தகம். முதல் பக்கம் நீச்சல் குளம். "பாருங்கக்கா, எவ்வளவு பெருசு!"

"நல்லாருக்கு தம்பி. இங்க படிச்சவங்க இப்ப எங்க வேல செய்யிறாங்க?"

ஏஜெண்ட் பக்கத்தைப் புரட்டினார். "இது ஜிம். முழுக்க ஏர்கோன்."

"நல்லாருக்கு தம்பி. படிச்சவங்க எங்க வேல செய்யிறாங்க?"

"சேர்ந்த அன்னிக்கே லேப்டாப் இலவசம்க்கா!"

அக்கா விடுவாரா? தேத்தண்ணியை ஆற்றிக் கையில் கொடுத்தார். "லேப்டாப்ப நீங்களே வச்சிக்கங்க. போன வருஷம் முடிச்ச ரெண்டு பேரு போன் நம்பரக் குடுங்க, நானே பேசிக்கிறேன்."

தேத்தண்ணி தீர்ந்தது, நம்பர் வரவில்லை. எப்படி வரும்? அந்தப் படிப்பை முடித்தவர் ஒருவரும் இல்லை! மகன் கைப்பேசியில், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டைத் தேடிப் பார்த்தான். முழு அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் அது இல்லை.

தம்பி, தட்டிப் பார்ப்பது என்றால் இதுதான். பொறியியல் பட்டமா, பொறியாளர் வாரியம் ஏற்கிறதா என்று தட்டுங்கள். மருத்துவமா, மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று தட்டுங்கள். அந்தப் பிள்ளை ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா சேர்ந்தான். படிப்போடு ஒரு பருவம் தொழில் பயிற்சி. இன்று அவனுக்கு வேலை இருக்கிறது. லேப்டாப்பும் அவன் சம்பளத்தில் வாங்கியது!

விருப்பம், கனவு என்கிறது எதிரணி. எங்கள் பாட்டிமார்களுக்குக் கனவு இல்லையா? தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் துண்டு துண்டாக விற்க, அந்தத் துண்டாடலில் நம் மக்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைவிட்டு வெளியேறிய காலம் அது. இதே ஊரில் பிறந்து, அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய காசை அதில் போட்டுத் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் பாட்டிமார்கள்! பேரப்பிள்ளை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கண்ட கனவு.

நடுவர் அவர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களைப் பாருங்கள். நாளை விடியுமுன் எழுந்து வெட்டுக்குப் போகிறவர்கள். காலையில் மழை பிடித்தால் அன்று வெட்டு இல்லை. அப்படிச் சேர்த்த காசைத்தான் கல்லூரியில் கட்டுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.