நக்ஷ்-இ ருஸ்தம் பாறையில் இரண்டு பேரரசர்கள்: ஈரான் ஒரு நாடாக எண்ணப்பட்டது எப்போது?

அனைவருக்கும் வணக்கம். பாரசீகத் தேசிய உணர்வின் தொடக்கம் எது என்று கேட்டால், பாரசீகப் பேரரசை நிறுவி, பொ.ஆ.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய சைரஸின் பெயரைத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய களிமண் உருளையில், தம்மை அன்ஷான் நகர அரசர்களின் வழிவந்தவர் என்றும், பாபிலோனியக் கடவுளான மர்தூக் தேர்ந்தெடுத்தவர் என்றுமே அவர் சொல்லிக்கொள்கிறார். அன்ஷானோ, பாரசீகருக்கு முன்பே தென்மேற்கு ஈரானில் வாழ்ந்த ஈலாமியரின் தொன்மையான நகரம். பாரசீகர் என்ற பெருமிதத்துக்கு அந்த உருளையில் இடமே இல்லை.

அந்தப் பெருமிதம் வெளிப்படையாக ஒலிப்பது, சைரஸுக்குப் பின் அதே பேரரசை ஆண்ட முதலாம் டேரியஸின் கல்வெட்டுகளில்தான். திரையில் நீங்கள் காண்பது பாரசீக மன்னர்களின் தலைநகரான பெர்செபோலிஸுக்கு அருகிலுள்ள நக்ஷ்-இ ருஸ்தம் பாறையில் குடையப்பட்ட அவருடைய கல்லறை. "நான் பாரசீகன், பாரசீகனின் மகன், ஆரியன், ஆரிய வழியில் வந்தவன்" என்று அங்கே அவர் பொறிக்கச் செய்திருக்கிறார். ஆரியர் என்பது இங்கே ஈரானிய மக்கள் தங்களைக் குறித்துக்கொண்ட பெயர். மேலே உள்ள சிற்பத்தில், 30 நாட்டு மக்கள் அவருடைய அரியணை மேடையைத் தாங்கி நிற்கிறார்கள். டேரியஸ் எத்தனை நாடுகளை ஆண்டார் என்று அறிய விரும்புபவர் இந்த உருவங்களைப் பார்க்கட்டும், பாரசீக வீரனின் ஈட்டி எவ்வளவு தொலைவு சென்றது என்பது அப்போது விளங்கும் என்கிறது கல்வெட்டு. இங்கே பாரசீகம் என்பது ஆளுகின்ற ஒரு குலத்தின் அடையாளம். பேரரசு முழுவதையும் தன்னுள் அடக்கும் நாட்டின் பெயராக அது இன்னும் ஆகவில்லை.

ஆனால் அரசு எதற்காக இருக்கிறது என்பதில் டேரியஸுக்குத் தெளிவான கருத்து இருந்தது, என்னை மிகவும் ஈர்ப்பதும் அதுதான். மேற்கு ஈரானின் பெகிஸ்தூன் மலையில் மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டில், ஒரே ஆண்டில் 19 போர்களில் 9 அரசர்களை வென்றதாகக் கூறும் அவர், அவர்கள் ஒவ்வொருவர் மீதும் சுமத்தும் குற்றம், பொய் சொன்னார்கள் என்பதே. பெர்செபோலிஸ் மதிற்சுவரில் உள்ள அவருடைய வேண்டுதல், பகைவர் படை, பஞ்சம், பொய் ஆகிய மூன்றிலிருந்தும் இந்த நாட்டைக் காக்குமாறு தம் பெருங்கடவுளான அகுரமஸ்தாவை இறைஞ்சுகிறது. கிளர்ச்சியைப் பொய் என்று பெயரிட்டுவிட்டால் அதை அடக்குவது அறமாகிவிடுகிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது அதே பாறைக்கு எதிரே நிற்கும் சதுரக் கோபுரத்தைப் பாருங்கள். டேரியஸுக்கு ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்குப் பின், சாசானியப் பேரரசர் முதலாம் ஷாபூர் தமது சாதனைகளைப் பார்த்தியம், நடுப் பாரசீகம், கிரேக்கம் ஆகிய மொழிகளில் அதன் சுவர்களில் பொறித்தார். ரோமப் பேரரசர் வலேரியனைச் சிறைப்பிடித்த செய்தியும் அதில்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு முக்கியமானது அதன் தொடக்கம். ஈரானுக்கும் ஈரான் அல்லாதவற்றுக்கும் மன்னர் மன்னன் என்று தம்மை அறிவிக்கும் ஷாபூர், தாம் ஈரான்ஷஹரின், அதாவது ஈரானியரின் பேரரசின், ஆட்சியாளர் என்று சொல்லி, அடுத்து நாடுகளைப் பெயர் பெயராக வரிசைப்படுத்துகிறார். பொ.ஆ. 224இல், அதுவரை ஈரானை ஆண்டுவந்த பார்த்தியரை வென்ற அவருடைய தந்தை அர்தஷீரே ஈரானின் மன்னர் மன்னன் என்ற பட்டத்தைச் சூடியிருந்தார். ஈரான் என்ற சொல்லே ஆரியர் என்பதிலிருந்து வந்தது. டேரியஸ் தம் குலத்தைச் சுட்டப் பயன்படுத்திய அந்தப் பெயர், இவர்கள் கையில் அரசியல் நிலப்பரப்பின் பெயராகவும், அகுரமஸ்தாவின் அருளோடு இணைந்த ஆட்சியாகவும் மாறியது. ஈரான் என்ற அரசுக் கருத்தின் பிறப்பை நான் இங்கேதான் வைக்கிறேன்.

651இல் கடைசிச் சாசானியப் பேரரசர் மூன்றாம் யஸ்தகிர்து கொல்லப்பட்டு அந்த அரசு அழிந்தது, கருத்து அழியவில்லை. 1010இல் கவிஞர் ஃபிர்தௌசி நிறைவுசெய்த பாரசீகக் காவியமான ஷாநாமா, தொன்ம அரசர்களில் தொடங்கி யஸ்தகிர்து வரை ஈரானின் கதையைச் சொல்கிறது. அதில் சைரஸின் பெயர் இல்லை. பெர்செபோலிஸின் இடிபாடுகளைக்கூட மக்கள் தொன்ம அரசர் ஜம்ஷீதின் அரியணை என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். சைரஸை மறந்திருந்த பல நூற்றாண்டுகளிலும் ஈரானியர் தங்களை ஈரானியராகவே உணர்ந்திருந்தார்கள் என்பதால்தான், அவரிடமிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை.