அழைப்பு ஒன்றாகட்டும், படை இரண்டாகவே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டையில் இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம். தீயணைப்பையும் 108 ஆம்புலன்ஸையும் ஒரே துறையாக இணைக்கலாமா கூடாதா என்பது வழக்கு. கூடாது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு காட்சியைச் சொன்னார். மூன்றடைப்பு தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு கார் லாரிக்கு அடியில் செருகிக் கிடக்கிறது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் ஓட்டுநரின் கால் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டியிருக்கிறது, கதவை அறுக்கிற கட்டர் தீயணைப்பு வண்டியில் இருக்கிறது, அந்த வண்டி இன்னும் வரவில்லை. மறுக்கவே மாட்டேன், இப்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் கோளாறு எங்கே? போன் வந்த அந்த நிமிடமே இரண்டு வண்டிக்கும் சேர்த்துத் தகவல் போகாததில். 112 என்ற பொது எண் இருக்கிறதே, அதைச் சரியாக ஓட வைத்தால் போதும். இதற்காக இரண்டு துறைகளை ஏன் கலைக்க வேண்டும்?

அடுத்தது, வண்டி எங்கே நிற்கிறது என்பது. தீயணைப்பு நிலையம் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் மாதிரி பெரிய ஊர்களில் இருக்கும். தண்ணீர் வண்டிக்கு ஷெட் வேண்டும், தண்ணீர் வசதி வேண்டும், அது நியாயம். 108-க்கு அது தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலைய வாசல், ரோட்டோரம் என்று எங்கே அழைப்பு அதிகமோ அங்கே நிறுத்தலாம். அதன் பலமே அதுதான். இணைத்த பிறகு கட்டடம் இருக்கும் இடத்துக்குத்தான் வண்டியும் போய்ச் சேரும் என்பது என் பயம். ராத்திரி ரெண்டு மணிக்கு, "அண்ணே, பிள்ளைக்கு வலி வந்துட்டு, வண்டி எங்க வருது?" என்று கேட்கிற தாய்க்கு அந்தத் தூரம் சின்ன விஷயமில்லை.

அப்புறம் வேலை. களக்காட்டிலிருந்து இங்கே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே பிள்ளை பிறந்துவிடுகிறது என்று வையுங்கள். பைலட், அதாவது ஓட்டுநர், வண்டியை ஓரங்கட்டுகிறார். பின்னால் அந்த மருத்துவ உதவியாளர் ஒற்றை ஆளாக, தொப்புள்கொடியில் இரண்டு கிளிப்பைப் போட்டு நடுவில் வெட்டி, பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் படுக்க வைத்து, ரத்தப்போக்கு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தினம் தினம் செய்தால்தான் கை பழகும். கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்குகிற தீயணைப்பு வீரருக்கும் அப்படித்தான். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், ஊர்ப்புறத்தில் வைக்கோல் போர் எரிகிற நேரத்தில் பிரசவத்துக்குப் போக ஆள் இருக்காது.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. தீயணைப்பு வீரர்கள் படகில் போய் ஆட்களைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். கரையில் வைத்தியம் பார்க்க வேறு ஆள் வேண்டும் இல்லையா? படகு தள்ளுகிறவரே டிரிப்பும் ஏற்ற வேண்டும் என்றால் அடுத்த தெருவுக்கு யார் போவது?

ஜப்பானைப் பாருங்கள் என்றார்கள். அங்கே 119 அடித்தால் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ்தான் வரும், உண்மை. அதில் வருகிறவர்களோ அவசர சிகிச்சைக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றவர்கள். நியூயார்க்கில் 1996-ல் இணைத்தார்கள். அதற்குப் பிறகும் தீயணைப்பு வீரரை விட எங்களுக்குச் சம்பளம் குறைவு என்று ஆம்புலன்ஸ்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். நம் ஊரில் 108-காரர்கள் அரசு ஊழியர்கள்கூட இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். சீருடைத் துறையோடு சேர்த்தால் அவர்கள் எந்தப் படியில் நிற்பார்கள்? எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், ஒருவரும் இதைத் தொடவில்லை.

நடுவர் அவர்களே, இணைக்கிற செலவில் நான்குவழிச் சாலை ஆம்புலன்ஸ்களுக்குக் கையடக்கக் கட்டர் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்களுக்கு ரத்தம் நிறுத்தவும் நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கவும் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு நாள் இரண்டு படையும் ஒரே மைதானத்தில் சேர்ந்து ஒத்திகை பார்க்கட்டும். எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான்.