கை சோர்ந்தால் இறங்கும் சுருதி

சபையோருக்கு வணக்கம். பாண்டோகிராம் என்னும் அமெரிக்க இரட்டையரின் இசையைப் பற்றியே இன்று பேச வந்தேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணம் இருளில் கிடந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் கசெற் கேட்டவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். சுற்றும் கை சோர்ந்ததும் பாட்டு இழுபடும். பாடகியின் குரல் தடித்து ஆண்குரலாகிவிடும். அது நமக்கு எரிச்சலைத் தந்தது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மாஸிவ் அட்டாக் குழுவினரும் அவர்களைச் சூழ்ந்தோரும் ஹிப் ஹொப் தாளத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் புதியதோர் இசையை ஆக்கிக்கொண்டிருந்தனர். பின்னர் அதற்கு ட்ரிப் ஹொப் என்று பெயர் வந்தது.

நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 33 சுற்றில் ஓடவிட்டால், வேகம் ஏறத்தாழக் கால்வாசி குறைவதோடு சுருதியும் இறங்கி, ஸட்ஜமாக ஒலித்தது மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தின் அருகே போய் நிற்கும். அவ்வாறு கனத்துப்போன முழக்கத்தில் ஓரிரு ஆவர்த்தனங்களை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதே இவ்விசையின் அடித்தளம். ட்ரீம் பொப் இதற்கு நேர்மாறானது: கிற்றாரும் குரலும் எதிரொலியில் கரைந்து, சொற்கள் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் மிதக்கும்.

இவ்விரண்டையும் ஒருசேரக் கையாண்டவர்கள் பாண்டோகிராம் இரட்டையர். இரட்டையர் என்றதும் நமக்கு நாதஸ்வரச் சகோதரர்களே நினைவுக்கு வருவர். சாரா பார்த்தெலும் ஜோஷ் கார்ட்டரும் உடன்பிறந்தோர் அல்லர், இளமைக்கால நண்பர்கள். நியூயோர்க் மாநகரில் இசை முயற்சிகளில் ஈடுபட்டிருந்த கார்ட்டர், அம்மாநிலத்தின் வடபுறத்திலுள்ள கிரீனிச் என்னும் சிற்றூருக்குத் திரும்பி வந்து, தாம் சேர்த்துவைத்திருந்த தாளத் துண்டுகளைப் பார்த்தெலுக்குக் கேட்கக் கொடுத்தார். அவற்றின்மேல் அவர் பாடத் தொடங்க, 2007இல் குழு உருவாயிற்று. நாட்டுப்புறத்துப் பண்ணைக் கொட்டில் ஒன்றே அந்நாளில் அவர்களுடைய ஒலிப்பதிவுக்கூடமாக இருந்தது. நம்மூர்ப் புகையிலைக் குடிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரியது, அவ்வளவுதான். தொடக்கத்தில் வேறொரு பெயரில் இயங்கியவர்கள், தட்டையான தாளில் வரைந்தும் உரிய கோணத்தில் பார்த்தால் எழுந்து நிற்பதுபோல் தோன்றும் ஓவியத்தின் பெயரைப் பின்னர் தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

முதல் தொகுப்பு 2010இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அவுட்காஸ்ட் என்னும் அமெரிக்க ஹிப் ஹொப் குழுவின் பாடகர் பிக் பாய் இவர்களது பாடலொன்றைத் தற்செயலாகக் கேட்டு மயங்க, அந்தப் பழக்கம் 2015இல் கூட்டுத் தொகுப்பாகவே முடிந்தது. 2014இல் வந்த இரண்டாம் தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்ட் இசைத் தரவரிசைப் பட்டியலில் 11ஆம் இடத்தையும், 2016இல் வந்த மூன்றாவது 9ஆம் இடத்தையும் எட்டின. ஆயினும் கொட்டிலின் வாசம் போகாத முதல் தொகுப்பையே நான் உயர்த்திச் சொல்வேன். பிந்தியவற்றின் பளபளப்பில் அந்தக் கனம் சற்றுக் குறைந்துவிட்டது.

அந்த முதல் தொகுப்பிலிருந்து ஒரு பாடலை ஒலிபெருக்கித் தம்பி இப்போது போடுவார். குரல் வரும்வரை கையால் தாளம் போட்டுக்கொண்டிருங்கள்; உங்கள் கை அவசரப்படும்.