சுவரைவிடக் கண்ணாடி மிகுந்த மாளிகை

அவையோருக்கு வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷையரில் ஒரு மேட்டின்மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹாலைப் பற்றி, 'சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி' என்று அந்நாட்டார் எதுகையோடு சொல்வது வழக்கம். கண்ணாடி பெருஞ்செல்வர்க்கே கட்டுப்படியான பதினாறாம் நூற்றாண்டில், அதைச் சுவர்சுவராகப் பதித்தவர் ஒரு பெண்மணி.

அவர் பெஸ் என அழைக்கப்பட்ட எலிசபெத். அதே ஊரில் சிறு நிலக்கிழார் ஒருவரின் மகளாகப் பிறந்து, நான்கு முறை மணம் புரிந்து, கடைசிக் கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590இல் இறந்தபோது நாட்டின் மிகப் பெரிய செல்வச் சீமாட்டிகளுள் ஒருவராகியிருந்தார். அறுபது வயதைக் கடந்த நிலையில் அவர் எழுப்பிய இம்மாளிகையின் வடிவமைப்பைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனுடையதாகவே வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். 1597இல் குடிபுகுந்தார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியவருக்கு அடக்கம் ஒரு குணமாகத் தோன்றவில்லை போலும்!

மாடி ஏற ஏற இங்குச் சன்னல்களின் உயரம் கூடுகிறது. கீழ்த்தளம் பணியாளர்க்கு, நடுத்தளம் குடும்பத்தார்க்கு, மேல்தளம் அரச விருந்துக்கு என்ற அந்தஸ்து வரிசையை வெளியே நிற்பவரும் படித்துவிடலாம். ஆனால், எலிசபெத் அரசியார் ஒருமுறைகூட அங்கு வரவில்லை. முகப்பின் சமச்சீர் கெடாதிருக்க, சில சன்னல்கள் வெறும் தோற்றத்துக்காகவே வைக்கப்பட்டன. அவற்றின் பின்னால் இருப்பது சுவர்தான். குளிர்காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் பட்ட பாட்டை, கண்ணாடியைப் புகழ்வோர் அதிகம் சொல்வதில்லை.

மேல்தளத்து நீண்ட கூடத்தில் தொங்கும் விவிலிய வீரன் கிதியோனின் கதைத் திரைச்சீலைகள் பதின்மூன்றும் பழைய சரக்கு. எலிசபெத் அரசியாரின் அமைச்சராக இருந்து காலமான சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவற்றை அவருடைய வாரிசிடம் பெஸ் வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னத்தை மறைக்க ஆகும் செலவென்று விலையில் 5 பவுன் கழித்துக்கொண்டு, அதன்மேல் தம் சின்னம் தீட்டிய துணியை ஒட்டவைத்தார். ஹாட்டனின் பெண்மான்களுக்குக் கொம்பு வரைந்ததும், அவை இவர் குடும்பத்துக் கலைமான்களாகிவிட்டன.

அவருடைய வழித்தோன்றல்களான டெவன்ஷையர் பிரபுக்கள் சாட்ஸ்வொர்த் மாளிகையையே தலைமை இருப்பிடமாகக் கொண்டதால், ஹார்ட்விக்கை நாகரிகத்துக்கேற்ப இடித்துக் கட்ட எவருக்கும் தோன்றவில்லை. 1950இல் பத்தாம் டெவன்ஷையர் பிரபு (டியூக்) இறந்தபின் விழுந்த மரண வரிக்கு ஈடாக அது அரசிடம் சென்று, 1959இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. அந்தப் பத்தாம் பிரபுவின் தாயான டெவன்ஷையர் சீமாட்டி ஈவ்லின், கிழிந்த திரைச்சீலைகளைத் தம் கைகளாலேயே ஊசியும் நூலும் கொண்டு செப்பனிட்டபடி, 1960 வரை அங்கேயே வாழ்ந்தார்.