விரல் படாத பக்கங்கள்: சின்ன வயதுக் கதைகளைத் திரும்ப வாசிக்கிறேன்

வணக்கம். இன்றைக்கு இந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். அட்டை கிழிந்து போய்விட்டது. முதுகில் ஒட்டின டேப் காய்ந்து உரிகிறது. டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்'. பத்து வயதில் என் கைக்கு வந்த பிரதி.

மூடிவைத்து ஓரத்தைக் காட்டுகிறேன். இரண்டு இடத்தில் கறுப்புக் கோடு போட்ட மாதிரி தெரிகிறதா? விரல் பட்டுப் பட்டு ஏறின அழுக்கு. முதல் கோடு 5ஆம் அத்தியாயம். இருட்டுக் குகையில் கதையின் நாயகன் பில்போவும் கோலும் என்ற அந்த விசித்திரப் பிறவியும் மாறி மாறி விடுகதை போட்டுக்கொள்ளும் இடம். அடுத்தது 12ஆம் அத்தியாயம். டிராகனிடம் பில்போ பேச்சுக் கொடுக்கும் இடம். இந்த இரண்டையும் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. இப்போது கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். காகிதம் பழுத்திருக்கிறது, அவ்வளவுதான். விரல் பட்ட தடமே இல்லை.

இந்தச் சுத்தமான பக்கங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சின்ன வயதில் உயிராக வாசித்த மாயாஜால சாகசக் கதைகளை மூன்று மாதமாகத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். நானாகத் தொடங்கவில்லை. அக்கா மகளுக்கு ஒன்பது வயது. ராத்திரி தூங்கும் முன் கதை வேண்டும் என்றாள். ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பேன், தமிழில் சொல்வேன், அப்புறம் அடுத்த பத்தி. கண்ணால் வாசிக்கும்போது தாவலாம். வருணனை வந்தால் தாவலாம், பாட்டு வந்தால் தாவலாம், யாராவது அழுதால் தாவலாம். வாய்விட்டு வாசிக்கும்போது அது நடக்காது. பக்கத்தில் படுத்திருக்கிற குழந்தை வரியில் விரல் வைத்துக்கொண்டே வருகிறது. அப்படித்தான், அந்த வயதில் நான் வாசிக்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக என் வாயிலேயே வந்தது.

ஆரம்பத்திலேயே ஒன்று மாட்டியது. கதை தொடங்கும்போது பில்போவுக்கு ஐம்பது வயது இருக்கும் என்று டோல்கீன் எழுதியிருக்கிறார். ஐம்பது! என் மனதில் இருந்த பில்போ என் வயதுப் பையன். உருவம் சின்னது, எதற்கெடுத்தாலும் பயம், அதனால் பையன்தான் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். இப்போது வாசித்தால், வீடும் வாசலும் நேரத்துக்குச் சாப்பாடுமாகப் படிந்துபோன ஒரு நடுவயதுக்காரர் கண்முன் நிற்கிறார். கதவைத் தட்டி ஒருவர் பயணத்துக்கு ஆள் தேடுகிறேன் என்றதும் அவருக்கு வருகிற பதற்றம் எனக்கு அப்படியே புரிகிறது. பத்து வயதில், "கிளம்பேன், என்ன யோசனை?" என்று அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. விட்டுவிட்டுப் போக அப்போது என்னிடம் என்ன இருந்தது?

இந்தப் புத்தகத்தை வெளியிடலாமா என்று படித்துக் கருத்துச் சொன்னது பதிப்பாளரின் பத்து வயது மகன் ரெய்னர் அன்வின். அதற்கு ஒரு ஷில்லிங் கூலி. ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக்கொடுத்தான். புத்தகம் 1937இல் வந்தது.

சரி, கதையின் கடைசியில் வரும் சண்டைக்கு வருகிறேன். ஐந்து படைகள் மோதுகிற பெரிய போர். சூடுபிடிக்கிற நேரத்தில் மேலேயிருந்து ஒரு கல் வந்து பில்போவின் தலையில் விழுகிறது. நினைவு தப்பிவிடுகிறது. கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்து, மலை மேல் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டுக் குழந்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "சித்தி, சண்டை எங்கே போச்சு?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பழைய கோபம் அது, வார்த்தை மாறாமல். அந்தக் கோபத்தில்தான் அதற்கப்புறம் வரும் பக்கங்களுக்கு நான் திரும்பப் போகவே இல்லை.

டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல், பிரான்ஸின் ஸொம் போர்முனையில் இருந்தவர். பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து நாடு திரும்பினார். 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று பிற்காலத்தில் எழுதினார். இது தெரிந்த பிறகு அந்தக் கல்லை என்னால் சும்மா தாண்ட முடியவில்லை. சண்டையை எழுத அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் பில்போவைக் கண் விழிக்க வைப்பது எல்லாம் ஓய்ந்த பிறகு. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தேடிப்போகிற நேரம் அது. அந்த நேரத்தை எழுதத்தான் அவர் இத்தனை தூரம் வந்தார் என்று எனக்குப் படுகிறது.

பயணத்துக்குத் தலைவரான குள்ளர் தோரின் சாகக் கிடக்கிறார். பில்போவைத் திட்டி விரட்டியவர், சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு நண்பராக விடைபெறுகிறார். அடுத்து ஒரு வாக்கியம். பில்போ தனியாகப் போகிறார், ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்காருகிறார், கண் சிவந்து குரல் கம்மிப்போகும்வரை அழுகிறார். அந்தப் போர்வையில் என் குரல் நின்றுவிட்டது. துக்கத்தில் உடம்பு குளிரும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவளே பக்கத்தைத் திருப்பினாள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் அழுக்காக்கின அந்த 5ஆம் அத்தியாயம் இருக்கிறதே, அதை டோல்கீனே பின்னால் திருத்தி எழுதியிருக்கிறார். முதல் பதிப்பில் கோலும், போட்டியில் தோற்றால் பில்போவுக்குப் பரிசு தருவதாக ஒப்புக்கொள்ளும். அந்தப் பரிசு, போட்டவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிற மந்திர மோதிரம்தான். அடுத்த கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'க்கு மோதிரம் அப்படி லேசாகக் கைமாறக் கூடாது என்று ஆனதும், 1951 பதிப்பில் மாற்றினார். கோலும் ஜெயித்தால் பில்போவைத் தின்னும், தோற்றால் வெளியே போக வழி காட்டும். கையில் கத்தி, எதிரே கோலும், பில்போ கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார், குத்திவிட்டு ஓடலாம். அந்த இடத்தில் சட்டென்று அவருக்குள் ஒரு இரக்கம் எழுகிறதே, இருட்டில் தனியாகக் கிடக்கிற அந்த உயிரை நினைத்து, அது முதல் பதிப்பில் கிடையாது. 14 வருஷம் கழித்துச் சேர்ந்தது. எழுதினவரும் திரும்பி வந்து, விட்டுப்போனதைப் பார்த்திருக்கிறார்.

அடுத்து சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா. ஏழு புத்தகங்கள், 1950லிருந்து 1956 வரை. முதல் புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? நான் வாசித்ததே இல்லை. லூயிஸ் தன் ஞானமகள் லூசி பார்ஃபீல்டுக்கு எழுதியிருக்கிறார். புத்தகம் வளர்வதைவிடப் பெண் பிள்ளைகள் வேகமாக வளர்ந்துவிடுகிறார்கள், இது கையில் கிடைக்கும்போது இந்தக் கதைக்கு உன் வயது தாண்டியிருக்கும், ஆனால் மறுபடியும் தேவதைக் கதை வாசிக்கிற வயது உனக்கு ஒருநாள் வரும் என்கிறார். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

என்னை அசைத்தது 1955இல் வந்த 'தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ'. டிகோரி என்ற பையனின் அம்மா சாகும் நிலையில் படுத்திருக்கிறாள். சிறு வயதில் அந்த அம்மாவை நான் கவனிக்கவே இல்லை. எனக்கு மோதிரங்களும், உலகத்துக்கு உலகம் தாவுகிற குளங்களும், பறக்கும் குதிரையும்தான் கதை. கடைசியில் டிகோரிக்கு ஒரு ஆப்பிள் கிடைக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தோல் சீவி, நறுக்கி, ஒவ்வொரு துண்டாக அம்மாவுக்குக் கொடுக்கிறான். அவள் சாப்பிட்டு முடித்து, சிரித்து, தலையணையில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். மருந்து தராத நல்ல தூக்கம்.

லூயிஸுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, 1908இல், அவர் அம்மா புற்றுநோயில் இறந்தார். இதை எழுதி வெளியிட்டபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. மந்திரம் ஒரு நொடியில் நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் தோல் சீவுவதை எழுதியிருக்கிறார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்ன வேலையில் எவ்வளவு நம்பிக்கை இருக்கும் என்று. அதற்கு முன்னால், டிகோரி அழுதுகொண்டே அஸ்லான் என்ற சிங்கத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்போது, சிங்கத்தின் கண்ணில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர் இருக்கிறது. அந்த இடத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். குழந்தைக்காக ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை.

எல்லாம் இப்படி இனித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதே தொடரில் 1954இல் வந்த 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' என்னை வருத்தியது. தெற்கே இருக்கிற நாட்டுக்காரர்கள் கறுத்த நிறம், தலைப்பாகை, கொடுமை, வஞ்சம். வடக்கே இருப்பவர்கள் வெளுத்த நிறம், நேர்மை. சின்ன வயதில் நான் வடக்குப் பக்கம் நின்றுகொண்டு ஆரவாரம் செய்திருக்கிறேன், என் நிறம் எது என்று யோசிக்காமலே. கடைசிப் புத்தகத்தில் சூசன் என்ற பெண் உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் நாட்டம் கொண்டுவிட்டாள் என்று ஒரு சில வரிகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். வளர்ந்ததற்குத் தண்டனை மாதிரி இருக்கிறது, எனக்கு அது நியாயமாகப் படவே இல்லை. குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடங்களை நான் மறைக்கவில்லை. வாசித்து, நிறுத்தி, இது தப்பு என்று சொன்னேன். அன்பு வைத்த புத்தகத்திடம் கோபப்படவும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மிக்கேல் எண்டேயின் 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி'யைத் தனியாகத்தான் வாசித்தேன். ஜெர்மனில் 1979இல் வந்தது. நிஜ உலகம் ஒரு நிற மையிலும் கற்பனை உலகம் இன்னொரு நிற மையிலும், சிவப்பும் பச்சையுமாக அச்சிட்ட புத்தகம். 26 அத்தியாயம், ஒவ்வொன்றும் அகர வரிசையில் ஒரு எழுத்தில் தொடங்கும். திரைப்படம் முன்பாதியோடு நின்றுவிடுகிறது. என் வாசிப்பும் அங்கேதான் நின்றிருந்தது. பின்பாதியில், கற்பனை உலகத்துக்குள் போய்விட்ட பாஸ்டியன் என்ற பையன் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு நினைவு போய்விடுகிறது. கடைசியில் அப்பா இருக்கிறார் என்பதே மறந்துபோன நிலையில், ஒரு சுரங்கத்துக்குள் இறங்குகிறான். கண் தெரியாத ஒரு சுரங்கக்காரர், மனிதர்கள் மறந்துபோன கனவுகளை மெல்லிய தகடு தகடாகத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார். பாஸ்டியன் நாள்கணக்காகத் தோண்டித் தேடுகிறான். ஒரு தகட்டில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர், கையில் பல்லின் சுண்ண அச்சு, பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். யாரென்று தெரியவில்லை. ஆனால் அவரிடம் போக வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் வருகிறது.

அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். பேசுவதற்கு விஷயம் எதுவும் இல்லை. பத்து நிமிஷம் பேசினோம்.

கடைசியாக, என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற ஒன்று. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதைகள். முதல் புத்தகம் 1968இல், மூன்றாவது 1972இல். கெட் என்ற மந்திரவாதிதான் நாயகன். செம்பழுப்பு நிறத்தவன் என்று தெளிவாக எழுதியிருந்தும், பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையாக வரைந்திருக்கிறார்கள். லெ குவின் அதைக் கடைசிவரை கண்டித்தார். மூன்றாவது கதையின் முடிவில் கெட் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறார். 18 வருஷம் கழித்து, 1990இல், லெ குவின் 'தெஹானு' எழுதினார். இரண்டாவது புத்தகத்தில் சின்னப் பெண்ணாக வந்த டெனார் இதில் கணவனை இழந்த நடுவயதுக்காரி. கெட் சக்தியெல்லாம் போய், வெட்கப்பட்டு ஒளிந்து, ஆடு மேய்க்கிறார். தீயில் சுட்டு எறியப்பட்ட ஒரு குழந்தையை டெனார் வளர்க்கிறாள். மந்திரம் ரொம்பக் கொஞ்சம். சமைப்பதும் கழுவுவதும் பயப்படுவதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும்தான் நிறைய.

பதினைந்து வயதில் இதை முப்பது பக்கம் வாசித்துவிட்டு மூடிவிட்டேன். மந்திரவாதி எங்கே என்று தேடினேன், ஆடு மேய்க்கிறவரை எனக்கு வேண்டாம். போன வாரம் இரண்டே ராத்திரியில் முடித்தேன். இதோ பாருங்கள், 30ஆம் பக்கம்வரை ஓரம் மடிந்திருக்கிறது. அதற்கப்புறம் இருக்கிற மடிப்பெல்லாம் போன வாரத்தது.

இந்த ஒன்றை மட்டும் குழந்தைக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. கேட்டாள், மேலே இருக்கிறதே அது என்ன கதை என்று. அதை நீயே ஒருநாள் எடுத்துக்கொள் என்றேன். மேல்தட்டிலேயே இருக்கட்டும். இன்றைக்கு ராத்திரிக்கு மறுபடி அந்த விடுகதை அத்தியாயம் வேண்டுமாம், நாலாவது தடவை. கூப்பிடுகிறாள், போகிறேன். பார்க்கலாம்.